கைக்கு வேண்டிய வெளிச்சம்

*தறிக்குழியிலும், கொல்லைப்புற லேத் கொட்டகையிலும், தையல் மிஷினடியிலும் விளக்கு எங்கே இருக்க வேண்டும்?*

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நாள் மாலை, தெருவில் வெயில் தாழ்ந்து, வீடுகளுக்குள் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கிய வேளையில், தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த நெசவாளர் ஒருவர், இடக்கையில் ஊடை நூல் சுற்றிய ஒரு தாரும் வலக்கையில் மற்றொரு தாருமாக வாசற்படியைத் தாண்டித் தெரு நடுவே நின்றுகொண்டு, இரண்டையும் மாறி மாறி வானத்துக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று புடைவையின் உடலுக்கு இதுவரை ஓடிய ஊடைப் பட்டு. மற்றொன்று அது தீர்ந்துபோனதால் அன்று மத்தியானம் புதிதாகச் சாயம் போட்டு வந்த பட்டு.

“இங்க வந்து பாரு. இது அரக்கா, காப்பிப்பொடியா?”

இராட்டையடியில் இருந்த மனைவி எழுந்து வந்தார். “உள்ள பாக்கறப்போ ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு?” என்றார்.

உள்ளே ஒன்றாகத்தான் இருந்தது. உத்தரத்தில் தொங்கிய மலிவான விளக்கின் கீழே இரண்டும் ஒரே அரக்கு நிறமாகக் காட்சியளித்ததை நம்பி, நாலு விரற்கடை அகலம் நெய்தாகிவிட்டது. வானத்து வெளிச்சத்தில் புதிய தாரில் ஒரு மங்கல், சிவப்பை யாரோ கழுவி எடுத்துவிட்டாற்போன்ற ஒரு பழுப்பு, பிரத்தியட்சமாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் குழியில் காலை இறக்கி உட்கார்ந்து, நெய்ததை ஊடை ஊடையாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவர் வீட்டில் விளக்கு இல்லாமல் இல்லை. அரைநாள் உழைப்பு வீணானதற்குக் காரணம், அந்த விளக்கு என்ன விதமானது, எங்கே தொங்குகிறது என்று யாரும் யோசித்ததில்லை என்பதே. வீட்டில் ஒரு பட்டறை வைத்திருப்பவர்கள், அது தறியாயினும் லேத்தாயினும், ஓய்வு பெற்றவர் பொழுதுபோக்குக்காகப் போட்ட தச்சு மேஜையாயினும், உபகரணங்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, வெளிச்சத்தை மட்டும் எலெக்ட்ரீஷியனின் சௌகரியத்துக்கு விட்டுவிடுகிறார்கள். எலெக்ட்ரீஷியனோ, வயர் எங்கே சுலபமாக வருகிறதோ அங்கே ஹோல்டரை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சூரியன்

இதைப் பிறர்மேல் குற்றமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சில வருஷங்களுக்கு முன், என் வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய வாசற்காலின் தேக்குச் சட்டங்களை அறுத்து முக்காலி செய்யும் பைத்தியம் எனக்கும் பிடித்தது. விளக்குக் கடையில் ‘பெரிசாக ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிய ஐம்பது வாட் ஃப்ளட் லைட்டைக் கதவுக்கு மேலே மாட்டினேன். கொட்டகை கல்யாணப் பந்தல்போல் ஜொலித்தது. ஆனால் மேஜை எதிர்ச்சுவரை ஒட்டி இருந்தது. கதவுக்கு முதுகைக் காட்டி நான் குனிந்து உளியைப் பிடித்த மாத்திரத்தில், அந்தக் கொட்டகை முழுவதிலும் மிகவும் இருண்டிருந்த இடம் என் உளியின் முனைதான். அந்த விளக்கின் பிரகாசத்தை மெச்சிய மூன்றாம் நாள் என் இடது ஆள்காட்டி விரலில் விழுந்த வெட்டின் தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆகவே விளக்கு வாங்கப் போவதற்கு முன் செய்ய வேண்டிய முதற்காரியம், இரவில், வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் தோரணையில் நின்று, கையை நீட்டி, நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பது. வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, சற்று முன்னாலிருந்து வர வேண்டும். இடக்கைக்காரருக்கு இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் இடக்கைப் பக்கம் சன்னல் வருமாறு வகுப்பை அமைத்த பழைய வழக்கத்துக்குக் காரணமும் இதுவே. கூரை விளக்குகளையும் நடு அறையில் ஒன்றாக மாட்டுவதைவிட, மேஜையின் முன்விளிம்புக்கு நேர்மேலே, மேஜையின் நீளத்துக்கு இணையாக இரண்டு ட்யூப் லைட்டுகளாகப் பிரித்து மாட்டினால், ஒன்றன் நிழலை மற்றொன்று கலைத்துவிடும். நீண்ட விளக்கின் விசேஷம் அதுதான்: குண்டு பல்பின் நிழல் கத்திபோல் விழும், நாலடி ட்யூபின் நிழல் கரைந்துபோகும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, போதிய வெளிச்சம் வேண்டும் என்பதோடு நின்றுவிடவில்லை. கண்ணாடிச் சன்னல்களையும் கூரைக் கண்ணாடிகளையும் உள்ளும் புறமும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கண் கூசும்படியோ, கண்ணுக்குச் சிரமமோ விபத்தோ உண்டாக்கும்படியான நிழல்கள் விழும்படியோ விளக்குகள் இருக்கலாகாது என்றும் சொல்லுகிறது. நிழலைக் குறித்துச் சட்டம் இயற்றியவர்கள் பட்டறையை நேரில் பார்த்தவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் கொல்லையில் அப்பனும் பிள்ளையுமாக நடத்துகிற கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே ஒவ்வொருவரும் தமக்குத் தாமே இன்ஸ்பெக்டர்.

> எவ்வளவு வேண்டும்? ஒரு கொட்டகைக் கணக்கு
>
> விளக்கு வெளியிடும் ஒளியின் அளவு லூமன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமன்களின் எண்ணிக்கை லக்ஸ். நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். பௌர்ணமி நிலவு ஒரு லக்ஸுக்கும் குறைவு.
>
> பட்டறையின் பொது வெளிச்சத்துக்கு 300 லக்ஸ், மேஜை வேலைக்கு 500, நுட்பமான வேலைக்கு 750 முதல் 1000 வரை என்பது பொதுவான கணக்கு.
>
> 10க்கு 15 அடிக் கொட்டகை சுமார் 14 சதுர மீட்டர். 14 x 300 = 4200 லூமன். தூசி, கறுத்த சுவர், கூரை ஆகியவை ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். எனவே 8400 லூமன் வேண்டும். 20 வாட் எல்.இ.டி. ட்யூப் ஒன்று சுமார் 2000 லூமன் தரும். ஆக நான்கு ட்யூப். மொத்தம் 80 வாட். தினம் எட்டு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட்டுக்குள்தான்.

கணக்கில் அடங்காத உபாயம் ஒன்று உண்டு, அது சுண்ணாம்பு. வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பித் தருகிறது. புகையும் எண்ணெயும் படிந்த சுவர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தருவதே அதிகம். ஐந்தாவது ட்யூபை வாங்க நினைப்பவர் முதலில் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்குவது புத்திசாலித்தனம்.

நுட்ப வேலைக்கான ஆயிரம் லக்ஸைக் கூரையிலிருந்து கொண்டுவர முயல்வது வீண் செலவு. சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி, தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகக் குறைந்துபோகும். அதே நியதிப்படி, எட்டடி உயரத்தில் இருந்த பல்பை இரண்டடிக்கு இறக்கினால் வெளிச்சம் பதினாறு மடங்காகும். கழுத்து வளையும் மேஜை விளக்கில் ஐந்து வாட் பல்பு, கூரையிலுள்ள ஐம்பது வாட்டைத் தோற்கடிப்பது இதனால்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்கும் தையற்காரருக்கு இது அனுபவ பாடம். துணி ஒளியைத் திருப்பித் தருவதே இல்லையாதலால், மிஷினின் கழுத்தில் காந்தத்தால் ஒட்டிய சிறு விளக்கு ஊசியின் காலடியில் விழுந்தாலொழிய அவருக்குத் தையல் தெரியாது.

சுழல்கிற சக் நிற்கிறதாம்

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் சந்துகளில் நடந்தால், வீட்டுக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஒண்டியிருக்கும் கொட்டகைகளிலிருந்து லேத் ஓடும் சத்தம் கேட்கும். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகளும், ஆலைகளைத் தொட்டு மோட்டாரும் பம்பும் பெருகிய ஊர் அது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின் என்று வைத்துக்கொண்டு ஜாப் ஆர்டர் செய்து பிழைக்கும் குடும்பங்கள் அங்கே அநேகம். அத்தகைய கொட்டகை ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது, “ஏனுங்க, டியூப் லைட்டு ரெண்டு போட்டிருக்கறமுங்க. இன்னும் என்னங்க வெளிச்சம் வேணும்?” என்று கேட்டார் உரிமையாளர். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே விஷயம் வெளிச்சத்தின் அளவைப் பற்றியதாக இல்லை.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு ஐம்பது அலைகளாக வருகிறது; சோக் போட்ட பழைய ட்யூப் லைட்டும், உள்ளிருக்கும் மின்சுற்றில் சிக்கனம் பண்ணிய மலிவான எல்.இ.டி.யும் ஒவ்வோர் அலையிலும் இரண்டு முறை மங்கி, வினாடிக்கு நூறு தடவை சிமிட்டுகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் கண்ணை ஏமாற்ற அது போதும். லேத்தில் வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடையுள்ள சக் நிமிஷத்துக்கு 1500 சுற்று வேகத்தில் ஓடும்போது, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையே அது சரியாகக் கால் சுற்று திரும்புகிறது. ஒரு தாடை இருந்த ஸ்தானத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும் அந்த க்ஷணத்தில் மட்டுமே விளக்கு பிரகாசிப்பதால், ஓடுகிற சக் அசையாமல் நிற்பதுபோலவோ, மெள்ளப் பின்னோக்கி நகர்வதுபோலவோ தோன்றும். சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமே என்பீர்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு மிஷின்கள் ஓடும்போது எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று காது எப்படிச் சொல்லும்?

பெரிய ஆலைகளில் அடுத்தடுத்த ட்யூப்களை வெவ்வேறு ஃபேஸில் இணைத்து, ஒன்று மங்கும்போது மற்றொன்று எரியச் செய்து இந்த மாயத்தை முறித்தார்கள். இப்போது அவ்வளவு பாடு வேண்டியதில்லை, சிமிட்டாத எல்.இ.டி. விளக்குகள் சாதாரணமாகவே கிடைக்கின்றன. விலையில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. சுழலும் யந்திரத்தின் மேல் தொங்கும் விளக்கில் அந்தக் கூடுதலை மிச்சம் பிடிப்பது, எனது அபிப்பிராயத்தில், விரலை அடகு வைப்பதற்குச் சமானம்.

> கடையிலேயே சோதிக்கலாம்
>
> விளக்கை எரியவிட்டு, போன் கேமராவை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது சிமிட்டும் விளக்கு. ஸ்லோ மோஷனில் படம் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.
>
> போன் இல்லாவிட்டால் ஒரு பென்சிலை விளக்கின் கீழ் விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான நிழலாகத் தெரிந்தால் நல்ல விளக்கு; பத்துப் பென்சில்கள் தனித்தனியாகத் தெரிந்தால் வேறு விளக்கு கேளுங்கள்.

சிவப்பைத் தின்னும் வெள்ளை

மறுபடி பிள்ளையார்பாளையத்துக்கு வருவோம். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டில் எரியும் வெள்ளை விளக்கு உண்மையில் ஒரு நீல விளக்கு. அதன்மேல் பூசிய பாஸ்பரப் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகின்றன. மலிவான பூச்சில் குறைந்துபோவது ஆழ்ந்த சிவப்பு. விளக்கில் இல்லாத நிறத்தைத் துணி எங்கிருந்து திருப்பித் தரும்? அரக்கு காப்பிப்பொடியாவதும், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சாயங்கள் வெயிலில் இரண்டாகப் பிரிவதும் இதனால்தான்.

பெட்டியின்மேல் இரண்டு எண்கள் இருக்கும். மக்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை விட்டுவிடுகிறார்கள். 2700 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பட்டறைக்கு 4000 முதல் 5000 வரை கண்ணுக்கு இதம். இது ஒளியின் சாயல் மாத்திரமே. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு வேறோர் எண் உண்டு: சி.ஆர்.ஐ. என்பார்கள். வெயிலுக்கு நூறு, சாதாரண விளக்குகளுக்கு எண்பது, நிறம் பார்க்கும் தொழிலுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் வேண்டும். பளீரென்று வெள்ளையாக எரிகிறதே என்று 6500 கெல்வின் விளக்கை வாங்கி வந்து, அதன் சி.ஆர்.ஐ. எழுபதாக இருந்தால், பட்டு நெசவாளருக்கு அது பகலைப்போல் வேஷம் போட்ட இரவு. பெயின்ட் அடிப்பவருக்கும், வயர்களின் நிறம் பார்த்து இணைப்பவருக்கும்கூட இதே கதைதான்.

கீறல்களைப் பார்ப்பது இன்னொரு வித்தை. நான் செய்த முக்காலிக்கு நாலு ட்யூபின் கீழே உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, கண்ணாடிபோல் ஆகிவிட்டது என்று திருப்தியோடு தூங்கப் போனேன். மறுநாள் காலை சன்னல் வழியே வெயில் சாய்வாக அதன்மேல் விழுந்தபோது, இழைப்புளியின் தழும்புகள் உழுத வயல்போல் வரிவரியாகத் தெரிந்தன. எல்லாப் பக்கமிருந்தும் வரும் வெளிச்சம் மேடுபள்ளத்தை மறைத்துவிடும். பரப்பை ஒட்டிக் கிடையாக வரும் ஒற்றை வெளிச்சமே அதைக் காட்டும். இப்போது வார்னிஷுக்கு முன்பு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் லைட்டை மரத்தின்மேல் படுக்க வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

வடக்குச் சன்னல் என்னும் சாஸ்திரம்

பட்டறைக்கு வடக்குச் சன்னலே உத்தமம், நேர் வெயில் விழாமல் நாள் முழுவதும் ஒரே சீரான ஒளி கிடைக்கும் என்று மேனாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லுகின்றன. ரம்பப் பல்போன்ற கூரையமைத்து வடக்கு வெளிச்சம் வாங்கும் ஆலைக் கட்டடமும் அந்தச் சாஸ்திரத்திலிருந்து பிறந்ததே. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் உண்மை. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதை அந்தப் புத்தகங்கள் அறியா. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை, அதாவது சித்திரைப் பாதியிலிருந்து ஆவணி பிறக்கும்வரை, நடுப்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலில்தான் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் அடிக்கும். ஆகையால் வடக்குச் சன்னல் வைப்பவர் அதற்கு மேலேயும் பக்கங்களிலும் மறைப்பும் வைக்க வேண்டும்.

நம் முன்னோர் இந்தச் சங்கடத்துக்குச் சன்னலைவிட முற்றத்தையே நம்பினார்கள். வெயில் முற்றத்தில் விழுந்து, வெள்ளைச் சுவரில் பட்டு, தாழ்வாரத்துக்கு மெதுவான வெளிச்சமாக வந்து சேரும். ஓட்டு வீடுகளில் அங்கங்கே பதித்த கண்ணாடி ஓடு இன்னோர் அழகிய உபாயம். தகரக் கொட்டகைக்கு இன்று அதன் ஸ்தானத்தில் வந்திருப்பது வெள்ளை ஃபைபர் ஷீட். கூரையில் பத்தில் ஒரு பங்கு அது இருந்தால் பகலில் விளக்கே வேண்டாம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ஏறிக் கழுவாவிட்டால், மழைக்கறையும் சருகும் சேர்ந்து மூன்றாம் வருஷம் அதுவும் தகரமாகிவிடும்.

தகரத்தைப் பற்றி இன்னொன்று. எல்.இ.டி. பத்து வருஷம் வரும் என்று வாங்கியது பத்து மாதத்தில் போய்விட்டதே என்று புலம்புகிறவர்களிடம், அதை எங்கே மாட்டியிருந்தீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் தகரத்தை ஒட்டி என்பதே பதில். ஒளி தரும் சில்லு சுலபத்தில் சாவதில்லை. அதற்கு மின்சாரம் பரிமாறும் சுற்றிலுள்ள கெப்பாசிட்டர் என்னும் சிறு குப்பிதான் உஷ்ணத்தில் உலர்ந்துபோகிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னியலார் வாய்பாடு. கூரைக்கும் விளக்குக்கும் இடையே ஓர் அடி விட்டுச் சங்கிலியில் தொங்கவிட்டால் போதும். மரத்தூள் பறக்கும் கொட்டகையில் பழைய ஹாலஜன் ஃபோகஸ் விளக்கை மாட்டவே கூடாது. அதன் கொதிக்கும் கண்ணாடியில் படியும் தூள் தீப்பற்றும்.

இராட்டையின் மூலை

நாற்பது வயதைத் தாண்டியவனுக்குக் கிட்டப் பார்வை மங்குவதை ‘வெள்ளெழுத்து’ என்று நம் பாஷை எவ்வளவு பொருத்தமாகப் பெயரிட்டிருக்கிறது! வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, உள்ளே போகும் ஒளி குறைந்துகொண்டே வருவதால், இருபது வயதில் தாராளமாகப் போதுமானதாயிருந்த விளக்கு அறுபதில் போதாது. கண்ணாடியை மாற்றியும் சரியாகவில்லையே என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் ஒருமுறை விளக்கை மாற்றிப் பார்க்கலாம். அதிலும் விளக்கு கண்ணுக்கு நேரே தெரியும்படி தொங்கினால், கூச்சத்துக்கு அஞ்சிக் கண்மணி மேலும் சுருங்கி, வாங்கிய வெளிச்சத்தையும் வெளியே நிறுத்திவிடும். விளக்குக்கு ஒரு மூடி, வேலையைப் பார்த்தபடி, கண்ணைப் பாராதபடி.

நான் போன நெசவு வீடுகளில் கவனித்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தறிக்காவது உத்தரத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. தார் சுற்றும் இராட்டை, சமையலறைக்குப் போகும் நடையில், சுவரோரத்தில், வீட்டிலேயே இருண்ட மூலையில் இருக்கிறது. மயிரிழையினும் மெல்லிய பட்டு அறுவதும் சிக்குவதும் அங்கேதான். அதைத் தேடி முடிச்சுப் போடும் கண்கள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களுடைய கண்கள். அதை ஒரு தொழில் என்றே யாரும் எண்ணாததால் அதற்கொரு விளக்கும் இல்லை. கரண்ட் செலவு என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. தமிழகத்தில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் மின்சாரம் 2023இல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. இராட்டையடியில் ஏழு வாட் விளக்கு ஒன்று நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் மூன்று யூனிட்கூட ஆகாது.

ஒரு மாதம் கழித்துப் பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். அந்த நெசவாளர் சி.ஆர்.ஐ. தொண்ணூறு போட்ட விளக்கு இரண்டு வாங்கியிருந்தார். ஒன்று தறிக்கு இடப்பக்கம், ஊடையை இறுக்கும் பண்ணைக்குச் சற்று முன்னால், மூடியோடு தொங்கிற்று. மற்றொன்று இராட்டைக்கு மேலே. “இது ஒண்ணு அம்மாவுக்காம்” என்றான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையன். அன்று வந்த புதுப் பட்டில் சுற்றிய தாரை அம்மாள் நீட்ட, அவர் பழைய தாரோடு சேர்த்து விளக்கடியில் பிடித்துப் பார்த்து, “சரியாத்தான் இருக்கு” என்றார்.

பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.